விதைப் பயறும் வண்டும்: உப்புக்காற்று ஊர்களில் நஞ்சில்லாக் காப்பு

மாசியில் எடுத்து வைத்த மொச்சை வைகாசியில் உளுத்துப் போயிருக்கும். பானையைத் திறந்தால் மேலே வெள்ளை மாவு, விதைக்கு விதை கம்பாஸ் வைத்து வரைந்தது போல் வட்டத் துளை, கையை விட்டுக் கிளறினால் நாலு பக்கமும் ஓடும் பழுப்பு வண்டு. திருப்போரூரைச் சுற்றி ஏரிப் பாசனத்தில் நெல்லும், நெல்லுக்குப் பின் உளுந்தும் பயறும், மேட்டிலும் வரப்போரத்திலும் காராமணியும் மொச்சையும், வீட்டுப் பந்தலில் அவரையும் வைத்து வந்த குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பழைய மாமல்லபுரம் சாலையின் இரு புறமும் மனைக்கற்கள் நட்ட பிறகு நிலம் சுருங்கிவிட்டது. மிச்சமிருக்கும் உழவர்களும், மாடியில் தொட்டி வைக்கும் புதுக் குடித்தனக்காரர்களும் சொல்வது ஒரே குறைதான்: எடுத்து வைத்த விதை ஆடிப்பட்டம் வரை நிற்பதில்லை.

கைவைத்தியத்துக்குக் குறைவில்லை. வேப்பிலை போடு, வசம்பு போடு, சாம்பலில் புரட்டு, செம்மண் கட்டு, விளக்கெண்ணெய் தடவு, அமாவாசை வெயிலில் காய வை, பிரிட்ஜில் வை, பாட்டிலில் அடைத்து வை. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதி, எது முடியுமோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லும் துண்டறிக்கைகளும் நிறைய உண்டு. அந்த வரிசைதான் தவறு என்பது என் எண்ணம். இவற்றுள் சில, விதைக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவைக் கொல்கின்றன. சில, வெளியிலிருந்து வரும் வண்டை மட்டும் தடுக்கின்றன. உள்ளே புழு இருக்கும்போது வெளியே காவல் போட்டுப் பயனில்லை. இந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தால், எந்த முறை திருப்போரூர் போன்ற கடலோர ஊருக்கு ஏற்றது என்பது தானாகத் தெளிவாகும்.

ஏன் மருந்து வேண்டாம்

முதலில் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டுத் தானியச் சேமிப்புக்கென்று ஒரு காலத்தில் எத்திலீன் டைபுரோமைடு அடைத்த கண்ணாடிக் குப்பிகள் பரிந்துரைக்கப்பட்டன. குப்பியை உடைத்து மூட்டைக்குள் செருக வேண்டும். அந்த மருந்து 2001இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இன்று பெரிய கிடங்குகளில் நடக்கும் புகையூட்டத்துக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைதான். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாத நஞ்சு அது. அரசு நிறுவனங்களும் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே கையாள வேண்டும் என்பது விதி. படுக்கையறையும் தானிய அறையும் ஒன்றாக இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலரும் பேசுவதில்லை. வீட்டு விதை முழுவதும் விதைக்கப்படுவதில்லை. விதைத்து மிஞ்சியது குழம்புக்குப் போகும். மருந்து தூவிய விதை அப்படிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

வண்டின் நாள்காட்டி

நம் பயறுகளைத் தாக்குபவை பெரும்பாலும் இரண்டு நெருங்கிய உறவுகள்: காலோசோபுரூக்கஸ் மாகுலேட்டஸ், காலோசோபுரூக்கஸ் சைனென்சிஸ். எள்ளைவிடச் சற்றுப் பெரிய வண்டுகள். தாய் வண்டு விதையின் வழவழப்பான தோலில் ஒவ்வொரு முட்டையாக ஒட்டி வைக்கும். மொத்தத்தில் நூறு முட்டை வரை இடும். ஐந்தாறு நாளில் புழு முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேராக விதைக்குள் இறங்கிவிடும். வெளிக்காற்றே படாது. உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, தோலில் வட்டமாக ஒரு மூடியை அறுத்துவிட்டு வண்டாக வெளியே வரும். கோடை வெப்பத்தில் இத்தனையும் ஏறக்குறைய நாலு வாரத்தில் முடிந்துவிடும். வெளியே வந்த வண்டுக்குத் தீனி தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு நாள்தான் வாழும். அதற்குள் அடுத்த தலைமுறையை ஒட்டி வைத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாய்க்கு 80 முட்டை, அதில் பாதி பெண் என்று வைத்தால், முதல் மாதத்தில் 40 தாய், இரண்டாம் மாதத்தில் 1,600, மூன்றாம் மாதத்தில் 64,000. பாதிக்கு மேல் செத்தாலும் பானை தாங்காது. மாசியில் நன்றாக இருந்த விதை சித்திரையிலும் ஓரளவு நன்றாகவே தெரிந்து, வைகாசியில் ஒரேயடியாக உளுத்துப் போவதன் ரகசியம் இந்தப் பெருக்கம்தான்.

வண்டு பானைக்குள் எப்படி வந்தது? வயலிலிருந்து வந்தது. செடியில் நெற்று முற்றிக் காயும்போதே வண்டு பறந்து வந்து முட்டையிடுகிறது. வீட்டில் பழைய பயறு உளுத்துக் கிடந்தால் அதிலிருந்து கிளம்பி வயலுக்குப் போகிறது. அறுவடையோடு திரும்பி வருகிறது. களத்தில் அடித்துத் தூற்றி, பளபளவென்று பானையில் கொட்டும் விதையில் நூற்றுக்கு ஒன்றிலாவது புழு குடியிருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நெற்று காயக் காய இரண்டு மூன்று முறை பறிப்பதும், பழைய பயறை வீட்டில் மிச்சம் வைக்காததும் எந்த மருந்துக்கும் முந்திய தற்காப்பு. காசும் செலவில்லை.

விதையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கப் பழக வேண்டும். குண்டூசித் தலையளவுகூட இல்லாத புள்ளி தோலில் ஒட்டியிருந்தால் அது முட்டை. கண்ணாடியாகத் தெரிந்தால் இன்னும் பொரிக்கவில்லை. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் புழு உள்ளே போய்விட்டது. துளைத்த தூள் முட்டை ஓட்டுக்குள் நிரம்பியதால் வந்த வெள்ளை அது. தோலுக்கடியில் கருத்த வட்டம் ஒன்று தெரிந்தால், வண்டு வெளியே வர இன்னும் சில நாள்தான். இந்த மூன்று நிலையையும் அடையாளம் காணத் தெரிந்தவருக்கு எந்த வைத்தியம் எந்த நேரத்தில் என்பதில் குழப்பம் வராது.

நமது விதைச் சான்றுத் தரம், பயறு விதையில் பூச்சி துளைத்தது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்கிறது. ஓட்டை விழுந்த விதையும் சில நேரம் முளைக்கும். ஆனால் பருப்பிலையில் பாதியைப் புழு தின்றபின் எழும் கன்று வலுவில்லாமல்தான் எழும்.

வெயிலும் அடைப்பும்

உள்ளிருக்கும் புழுவைக் கொல்லும் முறைகளுள் முதலிடம் சூட்டுக்குத்தான். வெறும் களத்தில் காயப் போடுவது வேறு, இது வேறு. திறந்த தரையில் பரப்பினால் வண்டுகள் ஓடிவிடும். விதைக்குள் சூடு போதிய அளவு ஏறாது. மேற்கு ஆப்பிரிக்கக் காராமணிக்காக அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் ஓர் எளிய அமைப்பைச் சோதித்தார்கள். கீழே வைக்கோல் அல்லது சாக்கு, அதன்மேல் கறுப்புத் தாள், அதன்மேல் விதையை மெல்லிய பரப்பாக விரித்து, கண்ணாடித் தன்மையுள்ள பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து அடைத்துவிட வேண்டும். விதையின் சூடு 57 பாகை செல்சியஸுக்கு ஏறி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எதுவும் மிஞ்சாது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் சௌஹானும் கஃபாரும் துவரை விதையைப் பாலித்தீன் பையில் இட்டு வெயிலில் சூடேற்றிப் பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது. முளைப்புக்குக் கேடில்லை என்றும் காட்டியது.

ஒரு கண்டிப்பு உண்டு. விதை முன்பே நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விதையை இந்தச் சூட்டில் வைத்தால் புழுவோடு முளையும் சாகும். இரண்டு மூன்று நாள் சாதாரண வெயிலில் காய வைத்து, பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடையும் பதம் வந்த பிறகே பாலித்தீன் மூட்டம்.

நம் கடற்கரையில் இதற்கு நேரமும் முக்கியம். பங்குனி, சித்திரையில் நண்பகலை ஒட்டியே கடற்காற்று கிளம்பிவிடும். அது சூட்டைத் தணிக்கும், ஈரத்தையும் கொண்டு வரும். காலை 10 மணிக்கே விரித்து மூடிவிட்டால் கடற்காற்று வருமுன் சூடு ஏறிவிடும். மூடிய தாள் அதன் பிறகும் காக்கும். எடுத்த விதையைச் சூட்டோடு அடைக்கக் கூடாது. நிழலில் ஆறவிட்டு, ஆறியதும் தாமதிக்காமல் அடைக்க வேண்டும். இரவு முழுதும் திண்ணையில் கிடந்தால் பகலில் விட்ட ஈரத்தைக் காற்றிலிருந்து மறுபடி குடித்துவிடும்.

அமாவாசை வெயிலில் காய வைத்தால் வண்டு விழாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டு உழவரிடம் உண்டு. நிலாவுக்கு இதில் என்ன பங்கு என்ற வாதத்தில் இறங்காமலே அதன் பயனை விளக்க முடியும் என்று நினைக்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை 29 அல்லது 30 நாள். வண்டின் ஒரு தலைமுறை ஏறக்குறைய நாலு வாரம். மாதம் தவறாமல் பானையைக் கொட்டி வெயிலில் பரப்பிப் புடைப்பவர், ஒவ்வொரு தலைமுறையும் வெளிவரும் பருவத்தில் அதைக் கலைக்கிறார். நாளை நினைவில் வைத்துக்கொள்ள வானத்தில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

சூடேற்றிய விதையைத் திறந்த பானையில் வைத்தால் புது வண்டு வரும். அதனால் அடுத்த படி காற்றுப் புகாத அடைப்பு. இதற்குப் பின்னால் உள்ள அறிவியல் சுவையானது. மர்டாக் குழு 1980களின் பிற்பகுதியில் கேமரூன் நாட்டில் தொடங்கிய வேலை, மூன்று அடுக்குச் சாக்காக வளர்ந்தது: உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் பை, வெளியே நெய்த பிளாஸ்டிக் சாக்கு. பிக்ஸ் பை என்று பெயர். 2007க்குப் பிறகு ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது, இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. அடைத்த பைக்குள் வண்டும் புழுவும் மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஆனால் அவை சாவது மூச்சுத் திணறி மட்டுமல்ல என்று அந்தக் குழு 2012இல் எழுதியது. காய்ந்த பயறுக்குள் வாழும் புழுவுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. தின்றதை ஆக்சிஜனைக் கொண்டு எரித்து, அதில் பிறக்கும் நீரைத்தான் உடம்புக்கு எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அந்த நீரும் நின்றுவிடும். தீனிக்கு நடுவே தாகத்தில் சாகிறது.

இரண்டு மூன்று கிலோ வீட்டு விதைக்கு மூன்றடுக்குச் சாக்கு தேவையில்லை. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில் போதும். கழுவி, எலும்பு காய்வது போல் காய வைத்து, விதையைத் தட்டித் தட்டிக் கழுத்து வரை நிரப்பி, மூடியைத் திருகி, இருட்டில் வைக்க வேண்டும். பாதி நிரம்பிய பாட்டிலில் பாதி காற்று. அந்தக் காற்று தீருமுன் வண்டு ஒரு தலைமுறை பெற்றுவிடும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வாரம் ஒருமுறை திறப்பவருக்கும் இதே கதிதான். ஒரே பெரிய டப்பாவுக்குப் பதில் சிறு பாட்டில்கள் பல வைப்பதே புத்திசாலித்தனம்.

பிரிட்ஜில் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. கீழ்த்தட்டுக் குளிரில் வண்டு சோம்பிக் கிடக்குமே தவிர ஒழியாது. மேல்தட்டு உறைபெட்டியில், மைனஸ் 18 பாகையில், நன்றாகக் காய்ந்த விதையைச் சிறு பொட்டலமாகக் கட்டி ஒன்றிரண்டு வாரம் வைத்தால் எல்லாம் சாகும். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. நம் காற்றில் ஐந்து நிமிடத்தில் விதைமேல் பனித்துளி கோக்கும். பொட்டலம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். மின்வெட்டு அடிக்கடி உள்ள ஊரில் இதை நம்பி இருக்காதீர்கள்.

எண்ணெய், மண், சாம்பல், இலை

துவரம் பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது நம் சமையலறை வழக்கம். விதைக்கும் அது பொருந்தும். தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் சியாட் நிறுவனத்தில் வான் ஸ்கூன்ஹோவன் 1978இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பல நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்: கிலோவுக்கு 5 மில்லி அளவு தாவர எண்ணெய், எந்த எண்ணெயானாலும், ஒவ்வொரு விதையிலும் படும்படி புரட்டினால் முட்டைகள் பொரிக்காமல் சாகின்றன. முட்டை மூச்சுவிடும் நுண்துளையை எண்ணெய் அடைத்துவிடுகிறது. வேப்பெண்ணெயில் கூடுதலாக வண்டை விரட்டும் குணமும் உண்டு. ஆனால் விதைக்குள் இறங்கிவிட்ட புழுவை எண்ணெய் தொடாது. அறுவடை முடிந்த சில நாளில் தடவினால் அரைப் பங்கு வெற்றி. மூன்று வாரம் கழித்துத் தடவினால் வெறும் பளபளப்பு. முதலில் சூடேற்றி, பிறகு தடவியவருக்கு முழுப் பயன்.

செம்மண் கட்டுவது நம் துவரைக்காரர்களின் பழைய நுட்பம். விதையை நீரில் நனைத்து, செம்மண்ணைக் குழைத்துப் பூசி, இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் காய வைப்பார்கள். விதைமேல் மண்பூச்சு இறுகிவிட்டால் வண்டுக்கு முட்டை ஒட்ட வழவழப்பான இடம் கிடைக்காது. பொரித்த புழுவுக்கும் தடை. மேட்டு நிலத்து வறண்ட ஊர்களில் இது அருமையான முறை. கடற்கரையில் நான் தயங்குவேன். இங்கே மணற்பாங்கான ஊர்களில் செம்மண்ணை மேற்கேயிருந்து கொண்டுவர வேண்டும். அதைவிட முக்கியமாக, காய்ந்த விதையை மறுபடி நனைத்து உலர்த்துவது மேகமூட்டம் வந்தால் ஆபத்து. பூசணம் பிடித்துவிடும்.

நனைக்காத மண்ணும் உண்டு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் குழுவினர் 1950களின் இறுதியிலேயே, பதப்படுத்திய களிமண் தூள் பூச்சிகளின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி அவற்றை வறளச் செய்து கொல்கிறது என்று காட்டினார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 100 கிலோ விதைக்கு ஒரு கிலோ பதப்படுத்திய களிமண் என்று இன்றும் பரிந்துரைக்கிறது. ஆனால் வறளச் செய்யும் எந்தத் தூளும் காய்ந்த காற்றில்தான் வேகமாக வேலை செய்யும். கோவளம், கேளம்பாக்கம் உப்பளக் காற்றில் அதன் கூர் மழுங்கும். தூளை மூடிய பாத்திரத்துக்குள் பயன்படுத்தினால் மட்டுமே இங்கே நியாயம் கிடைக்கும்.

சாம்பலைப் பற்றி ஒரு தவறான பழக்கம் இருக்கிறது. ஒரு கைப்பிடி வரட்டிச் சாம்பலைத் தூவிக் குலுக்கிவிட்டு, சாம்பல் போட்டும் வண்டு விழுந்ததே என்பார்கள். சாம்பல் நஞ்சல்ல, விதைகளுக்கு இடையே உள்ள சந்தை அடைத்து வண்டின் நடமாட்டத்தை நிறுத்துவதுதான் அதன் வேலை. பர்டூ குழுவின் 1991 ஆய்வில் நாலு பங்கு காராமணிக்கு மூன்று பங்கு சாம்பல் கலந்தபோதுதான் வண்டுப் பெருக்கம் நின்றது. மேலே மூன்று சென்டிமீட்டர் சாம்பல் மூடாக்கும் புதிய வண்டைத் தடுத்தது. பானை நிறைய விதை வைக்க நினைப்பவர் ஏறக்குறைய அதே அளவு சாம்பலும் தேட வேண்டும். எரிவாயு அடுப்பு வந்த வீட்டில் அது எங்கே? மேலே ஏழு சென்டிமீட்டர் மணல் மூடாக்கு என்ற இன்னொரு பரிந்துரை எளிது. கடல் மணலை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். ஆற்று மணலைச் சலித்து, வறுத்து, ஆறவிட்டுப் போடலாம்.

வேப்பிலைக்கு வருவோம். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது இதுதான். பயன் மிகக் குறைவானதும் இதுதான். வேம்பின் வீரியம் இலையைவிடக் கொட்டைப் பருப்பில் பல மடங்கு. தில்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜோத்வானியும் சிர்காரும் 1960களில் நூறு பங்கு பயறுக்கு ஒன்றிரண்டு பங்கு வேப்பங்கொட்டைப் பருப்புத் தூளைக் கலந்து பல மாதங்கள் விதையைக் காத்துக் காட்டினார்கள். ஆனியில் உதிரும் வேப்பம் பழத்தைப் பொறுக்கிக் காய வைக்கும் பாட்டிமார்கள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒரு படி கொட்டை வாங்கி வைத்தால் அடுத்த மாசிக்கு உதவும். ஈரம் காயாத இலையைப் பானையில் போடுவது மட்டும் தீமை. அது விதைக்கு ஈரத்தைக் கொடுக்கிறது.

வசம்பு வலிமையானது. அதிலுள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் பூச்சிகளை மலடாக்கும். அதே பொருள் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. செடியிலிருந்து வந்ததால் மட்டும் ஒன்று நஞ்சில்லாதது ஆகிவிடாது. வசம்புத் தூள் கலந்த விதை நிலத்துக்கே போகட்டும். குழம்புச் சட்டிக்கு வேண்டாம். நொச்சி, புங்கம், காய்ந்த மிளகாய் எல்லாம் விரட்டிகள் என்ற வரிசையில் கடைசிக் காவலாகச் சேரும்.

குலுக்கலும் கருவியும்

வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் சொல்லும் ஒரு வழி நம்மிடமும் பரவுகிறது: ஜாடியைத் தினமும் இருமுறை உருட்டினால் வண்டு வராது. இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 1991 ஆய்வில் இப்படி உருட்டியதால் பீன்ஸ் வண்டின் பெருக்கம் 97 சதவீதம் குறைந்தது. ஆனால் அது வேறு வண்டு. அக்காந்தோசெலைடிஸ் என்னும் அந்த இனம் முட்டையை ஒட்டாமல் உதிரியாகப் போடும். அதன் புழு இரண்டு விதைக்கு நடுவே முட்டுக்கொடுத்துத்தான் துளையிட முடியும். உருட்டினால் முட்டு கலைந்து சோர்ந்து சாகும். நம் மொச்சை, காராமணி, பயறு வண்டுகள் முட்டையைத் தோலோடு ஒட்டி அதன் அடிவழியே இறங்குகின்றன. எவ்வளவு உருட்டினாலும் அவற்றுக்கு நட்டமில்லை.

ஒட்டிய முட்டைக்கு ஒட்டிய இடத்திலேயே வைத்தியம் கண்டவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் முனைவர் எஸ். மோகன் வடிவமைத்த கருவிகளுள் ஒன்று, பயறு விதையிலிருந்து முட்டையை நீக்கும் கலன். துளையிட்ட உள்கலனில் தூரிகை பொருத்திய தண்டு சுழலும். தூரிகை உரசி முட்டை நசுங்கும், விதைக்குச் சேதமில்லை. அதே பல்கலைக்கழகத்தின் டூ இன் ஒன் பொறியைப் பயறுக்குள் செருகி வைத்தால், காற்றுள்ள இடம் தேடி அலையும் வண்டுகள் அதன் துளைவழி உள்ளே விழுந்து திரும்ப முடியாமல் கிடக்கும். பொறியில் முதல் வண்டு விழுந்த அன்றே விதையை வெயிலுக்கு எடுப்பவர் தப்பித்தார். என்னைக் கேட்டால் பொறியை ஒழிப்புக் கருவியாகப் பார்க்காமல் எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்வதே சரி.

வண்டின் புழுவைத் தேடிக் கொல்லும் டைனார்மஸ் போன்ற சிறு குளவிகள் நம் சேமிப்பறைகளில் தாமாகவே வருவதுண்டு. பானைக்குள் பொடிக் குளவியைக் கண்டால் மருந்தடிக்க ஓடாதீர்கள். எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களுக்கான தேடலும் நடக்கிறது. மடகாஸ்கரில் கிடைத்த காட்டுப் பச்சைப்பயறு ஒன்றில் வண்டுக்கு எதிர்ப்பு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980களில் கண்டார்கள். அதை வைத்து இனக்கலப்பு தொடர்கிறது. அது கைக்கு வரும் வரை வெயிலும் பாட்டிலும்தான்.

இந்தக் கரைக்கு எது

விதை எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஈரமும் சூடும். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, சூடு ஐந்து பாகை குறைந்தால் இன்னொரு இரட்டிப்பு என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன தோராய விதி. பயறு விதை சாதாரணப் பையில் 9 சதவீதம், காற்றுப் புகா அடைப்பில் 8 சதவீத ஈரத்தைத் தாண்டக் கூடாது என்பது சான்றுத் தரம். நம் கடலோரக் காற்றின் ஈரப்பதம் ஆண்டில் பெரும்பகுதி 70 சதவீதத்தைச் சுற்றியோ அதற்கு மேலோ நிற்கிறது. 75 சதவீதக் காற்றில் திறந்து கிடக்கும் பயறு 14 சதவீத ஈரத்துக்கு ஏறிவிடும். எவ்வளவு காய வைத்தாலும் துணிமூட்டையிலும் மண்பானையிலும் அது தங்காது. அந்த ஈரம் வண்டுக்குச் சுகம், விதைக்கு முதுமை. மூச்சுவிடும் பானை உயர்ந்தது என்ற பேச்சு தர்மபுரிக்கோ விருதுநகருக்கோ பொருந்தலாம், மாமல்லபுரத்துக்குப் பொருந்தாது.

ஆகவே என் தீர்ப்பு இது: திருப்போரூர் பக்கத்தில் வீட்டு விதைக்கு நண்பகல் பாலித்தீன் மூட்டமும், நிறைத்து அடைத்த பாட்டிலும் முதல் இரண்டு. எண்ணெய் மூன்றாவது. வேப்பங்கொட்டைத் தூள் அதற்குத் துணை. சாம்பலும் செம்மண்ணும் கிடைத்தால், வானமும் ஒத்துழைத்தால் மட்டும். இலை கடைசி. ஏக்கருக்கு எட்டுக் கிலோ கணக்கில் உளுந்து விதை வைப்பவருக்கு மூட்டம் அதேதான், பாட்டிலுக்குப் பதில் மூன்றடுக்குப் பை. எலி கடித்த ஒரு துளை போதும் அத்தனையும் வீணாக, அதனால் தரையில் போடாமல் பரணில் ஏற்ற வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் சுக்கான்கொல்லையில் சி.ஐ.கே.எஸ். என்னும் தன்னார்வ நிறுவனம் நடத்தும் மையம் போன்ற விதைச் சேமிப்பகங்களுக்குக் கணக்கு வேறு. ஆடியோடு வேலை முடியாமல் ஆண்டுக்கணக்கில் ரகங்களைக் காக்க வேண்டியவர்களுக்கு ஈரம் உறிஞ்சும் மணிகளும் குளிரூட்டமும் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

வேளாண் துறைக்கும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒரு வேண்டுகோள். விதை நேர்த்திக்கு அச்சிடும் துண்டறிக்கையில் வைத்தியங்களின் பட்டியலுக்கு முன் விதைத் தோலில் தெரியும் அந்த மூன்று நிலைகளையும் பெரிதாக்கிய படமாகப் போடுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் காற்று வேறு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி வாசகருக்கு. ஆனி பிறந்ததும் ஒரு பாட்டிலைத் திறந்து நூறு விதை எண்ணி எடுத்து, ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். ஐந்தாறு நாளில் முளைத்ததை எண்ணுங்கள். 75 முளைத்திருந்தால் அரசு சான்று விதைக்குக் கேட்கும் அதே தரம் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. 50க்குக் கீழே போனால் அந்த விதையைச் சமைத்துவிட்டு, ஆடிக்கு முன் வேறு விதை தேடிக்கொள்ள உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் மிச்சமிருக்கும்.